எனக்கென்று நேர்ந்த மலை

காலை எட்டு மணிக்கு எங்கள் உல்லாசக் கப்பலைப் பலெர்மோத் துறைமுகத்தில் கட்டினார்கள். எட்டு என்பது கப்பலின் கணக்கு. என் கைக்கடிகாரத்தில் லண்டன் நேரம் ஏழு. அதைத் திருப்பி வைத்தால் மருந்து வேளைகள் குழம்பிவிடும் என்று அப்படியே விட்டிருந்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திராது என்று முதல்நாளே மூன்று தடவை அறிவித்திருந்தார்கள்.

கப்பல்காரரின் சுற்றுலாவுக்கு ஆளுக்கு அறுபத்தைந்து யூரோ. அது வேண்டாம், நாங்களே சுற்றிப் பார்ப்போம் என்றாள் மனைவி மகேஸ்வரி. லண்டனில் எங்கள் செவன் கிங்ஸிலிருந்து பக்கத்து இல்ஃபோர்ட் போகவே மகனின் காருக்குக் காத்திருப்பவள், இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாத ஊரில் இப்படிச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நூற்று முப்பது யூரோ மிச்சம் என்று சம்மதித்துவிட்டேன்.

ஒன்பதரைக்குப் பல்லாரோச் சந்தையில் நின்றோம். துறைமுகத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரும். வழி தவறியதால் நாங்கள் மூன்று நடந்திருப்போம். ஒரே பெயர்ப்பலகையை இரண்டு தடவை கடந்ததாக எனக்குச் சந்தேகம். வாள்மீன் தலையை வானம் பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்திலேயே எங்கள் தமிழ் ஆட்களின் கடையொன்றில் முருங்கைக்காய்க் கட்டு. சோற்றை உருட்டிப் பொரித்த பண்டம் ஒன்று இரண்டரை யூரோ. வாங்கப் போனேன். உள்ளே இறைச்சி இருக்கும், இன்றைக்கு மச்சம் கூடாது என்று தடுத்துவிட்டாள். வெள்ளியுமில்லை, செவ்வாயுமில்லை. அவளும் காலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவளே ஒரு டாக்சியை மறித்து, தொலைபேசியிலிருந்த முகவரியைச் சாரதியிடம் காட்டினாள். இருபத்தைந்து யூரோவுக்குப் பேச்சு முடிந்தது. நகரைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் வண்டி நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர் ஒருவர் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களோடு நின்று, "வாங்கோ அண்ணை" என்றார்.

"இறங்குங்கோ" என்றாள் மகேஸ்வரி. "நான் காரிலை மேலை போய் நிக்கிறன். நீங்கள் நடந்து வரோணும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இதயச் சத்திரசிகிச்சை நடந்தது. அன்று அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் பக்கத்து வீட்டு ராஜி. பலெர்மோவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இந்த மலைக் குகையில் இருக்கும் ரோசலியா மாதா என்ற புனிதையின் படத்தை மகேஸ்வரியின் கையில் அவர்தான் வைத்திருக்கிறார். நான் பிழைத்தால் நடந்து மலையேறுவது என்று இவள் நேர்ந்துவிட்டாள். ஏறுகிறவன் நான். அடிவாரத்தில் நின்ற பாலகுமார் ராஜியின் தம்பி.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியளோ? டொக்டரும் நடக்கச் சொன்னவர்தானே."

கார் போய்விட்டது.

மேலே நாலு கிலோமீற்றர் என்றார் பாலகுமார். கல் பதித்த பழைய பாதை. இரு பக்கமும் சப்பாத்திக் கள்ளி. சப்பாத்தோடு நடக்கலாமோ என்று கேட்டேன்.

"ராஜியக்கா வெறுங்காலெண்டுதான் சொன்னவ. கடைசி வளைவிலை கழட்டுங்கோ, காணும். நானும் அப்பிடித்தான்."

அவர் சைவக்காரர். வீடுகளைத் துப்புரவு செய்கிற வேலை. விடுமுறை நாட்களில் ஏறுவாராம். முருகன் இருக்க இதென்ன என்று கேட்டேன். முருகன் தூரத்தில், மாதா பக்கத்தில் என்றார். அவர் முன்னே நடக்க, இரண்டு வளைவுகள் கழிந்தன.

ஒன்றரை மணிக்கு நெஞ்சு அடித்த அடியில் ஒரு கல்லில் இருந்துவிட்டேன். கீழே எங்கள் கப்பல் சவர்க்காரக் கட்டியளவில் தெரிந்தது. இறங்கினால் நேரத்துக்குப் போய்விடலாம், ஏறினால் நிச்சயமில்லை. இறங்குவோம் என்றேன். பாலகுமார் மறுக்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது: கப்பலில் திரும்ப ஏறக் காட்டவேண்டிய இரண்டு பேரின் அட்டைகளும் அவள் கைப்பையில். பையோடு அவள் உச்சியில்.

ஏறினேன். கடைசி வளைவில் சப்பாத்தைக் கழற்றினேன். வெயிலில் கல் சுட்டது.

கோயில் முகப்புக்குப் பின்னால் குகை. பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திச் செல்கின்றன. கண்ணாடிக்குள் பொன்னுடை அணிந்து மாதா சிலையாகப் படுத்திருக்கிறாள். முன் வாங்குப் பலகையில் இருந்த மகேஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். எதைக் கும்பிடுவது, எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் கையைக் கூப்பினேன்.

வாசலில் நின்ற டாக்சிக்கு முப்பது யூரோ கொடுத்தோம். மூன்று நாற்பதுக்குக் கப்பலின் படியில் கால் வைத்தோம். நாலரைக்குக் கயிறு அவிழ்ந்தது. எட்டு மணித்தியாலம் நின்ற ஊரில் நான் பார்த்தது ஒரு சந்தையும் ஒரு மலையும். லண்டனில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். அங்கே ஒரு மேட்டிலும் எனக்கு இப்படி அலுவல் இருந்ததில்லை.

மேல்தளத்தில் மகேஸ்வரி விரதம் முடித்து, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு இருந்தாள். மனதில் உறுத்தியதைக் கேட்டேன்.

"வேறை எங்கையும் எனக்கு நேர்ந்திருக்கிறியோ?"

அவள் கடலைப் பார்த்தாள்.

"ஆறு மணித்தியாலம் உங்களை ஒப்பரேசனுக்கு உள்ளுக்கை வைச்சிருந்தவங்கள். எனக்கு வெளியிலை வேறை என்ன வேலை?"