சூடாகாத தண்ணீர்

எங்கள் சித்தப்பா குவைத்தில் வேலை பார்த்த வீட்டில், பாத்திரம் கழுவும் மிஷின் புதிதாக வாங்கியதும் பழையதை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் லீவில் வந்து கல்யாணமும் முடிந்த பிறகு, பின்னாலேயே கப்பலில் அது அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தது. "நல்லா இருந்தா எவன் சும்மா குடுப்பான்?" என்றார் அப்பா.

முதல் சில நாள் தட்டுகள் ஆவி பறக்க வெளியே வந்தன. சித்தப்பா குவைத்துக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் தண்ணீர் சூடாவது நின்றுபோனது. மீன்குழம்புச் சட்டி பிசுக்கோடு, ஜில்லென்று வந்தது.

"இதச் சரிபண்ணாம எப்படிண்ணே பிளேன் ஏறுறது?" என்ற சித்தப்பா, போன் போட்டு லீவை நீட்டிக்கொண்டார்.

அப்பா அரபிக்காரர்களைச் சந்தேகப்பட்டார். அம்மா கரண்டைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சோதித்த எலக்ட்ரீசியன், அதில் குறையில்லை என்று சொல்லிவிட்டு எங்கள் போர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்.

நான் சித்தியைச் சந்தேகப்பட்டேன்.

வெளியாள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை நான். எலக்ட்ரீசியன் வந்த அன்றும் அங்கேதான் நின்றேன். சித்தப்பா மிஷின் குமிழைச் சூட்டில் திருப்பி வைத்துவிட்டு அவரை வழியனுப்பப் போனார். சித்தி வந்தாள். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். குமிழைப் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பிவிட்டுப் போய்விட்டாள். கழுவி முடிந்ததும் குமிழ் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். தடயமே இருக்காது.

மறுநாளும் அதையேதான் செய்தாள். புதிதாக வந்தவளுக்கு எங்கள் வீட்டுச் சாமான் மேல் என்ன கோபமோ! சித்தப்பா மிஷினின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

வாயில் வைத்திருந்த திருகாணியை எடுத்துவிட்டு, "தெரியும்த்தா. ஒங்கப்பாட்ட சொல்லிப்புடாத" என்றார். பிறகு, அப்போதுதான் முடுக்கிய இன்னொரு திருகாணியைத் திரும்பவும் கழற்றினார்.

சாயங்காலம் அப்பா, "என்னடா, சூடாச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. கோளாறு எங்கன்னே பிடிபடல."

அன்றிலிருந்து சித்தப்பாவையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்களை எதற்கோ ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

நீட்டிய லீவும் தீர்ந்து, சித்தப்பா போய்விட்டார். மறுநாள் அம்மா மிஷினைப் போட்டாள். கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் ஆவி அடித்தது.

"பாத்தியா, அவன் கைய எடுத்ததும் தானா சரியாயிருச்சு!" என்று அப்பா சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்தவள் அதைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவளுக்குக் கை சுடாதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.