கூட்டரசுக்குச் சம்மதம் கேட்ட கதை

துபாஷி வேலை பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பொய் துரையுடையது, அதைச் சொல்லும் வாய் நம்முடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், ரங்கூன் கியாக்டடாப் பேட்டையில் ஓர் அலுவலகத்தில், துரையின் ஆங்கிலத்தைப் பர்மியமாக்குவது என் பிழைப்பு. ஷான் மலைச் சிற்றரசுகளை இணைத்து ஒரே கூட்டரசாக்கப் போகிறார்களாம். அதற்குமுன் எல்லோரையும் கலந்து பேசுவார்களாம். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஈரப் பலகை

முதலில் வந்தவர் ஊ லூன், ஒரு சிற்றரசரின் அமைச்சர். "இவர் அரசருக்குச் சம்மதமா, கேள்" என்றார் துரை. கேட்டேன். அவர் வெற்றிலை துப்ப வராந்தாவுக்குப் போனார். அங்கே கூட்டரசின் பெயர் எழுதிய புதுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, கறுப்பு அப்பிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஐயா, பெயிண்ட் காய்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டுமா?"

வாயும் காதும்

பிறகு நிதானமாகவே பேசினார். பக்கத்து அரசோடு ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை இருக்கிறது; ஒரே கூரையின்கீழ் வாழச் சொல்கிறவர்கள் முதலில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள்; அதுவரை சம்மதமில்லை. ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை தலைமைக் குமாஸ்தா பக்கம் திரும்பி, "கொள்கையளவில் சம்மதம் என்று எழுது" என்றார்.

"அவர் அப்படிச் சொல்லவில்லையே!" என்று குமாஸ்தாவிடம் பாய்ந்தேன். வங்காளி, நல்ல மனிதர்தான். தலை நிமிராமலே சொன்னார்:

"உன்னை வைத்திருப்பது வாய்க்காக, காதுக்காக இல்லை."

ராவுத்தர் கடையில்

பக்கத்து அரசின் அமைச்சர் ஊ பான் மறுநாள் வந்தார். ஊ லூன் சம்மதித்துவிட்டதாக அவரிடம் சொல்லச் சொன்னார் துரை. சொன்னேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அன்று மாலை இருவரையும் சூலே பகோடா அருகே ராவுத்தர் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய் எதிரெதிரே உட்கார வைத்தேன்.

"நீங்கள் சம்மதித்தீர்களாமே?" என்று கேட்டார் ஊ பான்.

"நானா? எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன். சொல்ல வைத்தார்கள்" என்றேன்.

ஆற்றுச் சண்டையை அங்கேயே பாதி பேசி முடித்தார்கள். காலையில் இருவரும் சேர்ந்து வந்து, நின்றபடியே "சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். துரையின் முகம் சிவந்தது. "இவர்களைச் சேர்த்து வைத்தது யார்?"

"நான்தான்" என்றேன்.

"கூட்டரசில் சேர்த்து வைப்பது சர்க்கார் வேலை. நீ வெளியே போ!"

அவர்கள் மறுத்தும் கூட்டரசு அமைந்தது. எல்லோரையும் கலந்து பேசச் செய்த குற்றத்துக்கு வேலை போனவன் நான் ஒருவன்தான்.