கிழக்கு எல்லையில் இருந்த பெயர்

என் உம்மாவின் பூட்டிக்கு, அதாவது அவருடைய பாட்டியின் தாய்க்கு, எத்தாளை என்ற ஊரில் தென்னந்தோட்டம் இருந்ததாம். உம்மா அதைச் சொன்னாலே வாப்பாவின் அண்ணன், என் பெரியவாப்பா, "அவட பேராவது தெரியுமா?" என்று சிரிப்பார். வீட்டில் எல்லோரும் அவரைப் பூட்டி என்றே சொல்லிவந்ததால் உம்மாவுக்குப் பெயர் தெரியாது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. காணிப் பதிவகத்தில் உம்மா பக்கத்து ஆண்களின் பெயர்களையெல்லாம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் எத்தாளைக்கே போய், உம்மா சொன்ன இடத்துக்கு அயல் தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"உங்கட காணி உறுதிப் பத்திரம் இல்லாட்டி என்ன தங்கச்சி, எங்கடதப் பாருங்க. எல்லை எழுதின இடத்துல உங்கட ஆக்கட பேரும் இருக்கும்," என்று அலுமாரியைத் திறந்தார்.

அவருடைய உறுதியில், கிழக்கு எல்லை: 'செய்னம்பு சீதனமாகப் பெற்ற தென்னந்தோட்டம்.'

எங்களில் காணி மகளுக்குத்தானே போகும்; அதை மறந்து ஆண்களைத் தேடியிருக்கிறேன். செய்னம்பு என்ற பெயரோடு பதிவகத்துக்குத் திரும்பினேன். அவரிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று தோட்டம் கைமாறியிருந்தது. அந்தப் பேத்தி என் உம்மாவைப் பெற்றவர்.

பெருநாளன்று பெரியவாப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். உம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தார்.

"செய்னம்பு. உங்கட பூட்டிட பேர் என்ன மச்சான்?"

பெரியவாப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். வாப்பா பக்கத்து அந்தப் பூட்டியின் பெயர் எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.