பறிக்காத பிச்சி வேலி

விரிந்த பிச்சிக்குத் தலையில் ஒரு மணம், செடியில் வேறொரு மணம். தலையில் வைத்தால் தேங்காயெண்ணெயும் வேர்வையும் அவசரமும் அதில் கலந்துவிடும். செடியில் நிற்கும்போது அது யாருக்கும் சொந்தமில்லாத மணம். போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம். யாரோ ஒருவர் வீட்டு மதிலைக் கடக்கும்போது அந்த இரண்டாவது மணம் உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

தோவாளையில் பிறந்தவள் என்று சொன்னால் போதும், "ஆகா, பூமணத்தில் வளர்ந்தவர்" என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நாங்கள் மொட்டில் வளர்ந்தவர்கள். மொட்டுக்கு மணம் கிடையாது. நறுக்கிய தண்டின் பச்சை வாடைதான். விடியும் முன்னே இடுப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, முதுகில் ரோஸ் வரி ஓடிய அந்த மொட்டுகளைக் கிள்ளி, ஈரத்துணி போட்டு மூடி, முதல் பஸ்ஸுக்கு ஏற்றிவிட வேண்டும். அவை விரிவதெல்லாம் திருவனந்தபுரத்தில், நாகர்கோவிலில், முகம் தெரியாத பெண்களின் தலைகளில். எங்கள் ஊரில் விரிந்துவிட்ட பூவுக்கு ஒரே பெயர்தான்: கழிவு. செடியில் பூ வாடினால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி. பூ நிற்கிற செடிமேல் இரும்பு பட்டால் அந்த வீடு விளங்காது. கவாத்து வெட்டுவது மார்கழியில், கடைசி மொட்டும் போன பிறகு. இவ்வளவுதான் எங்கள் வேதம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை, என்னைப் பெற்ற அம்மை ஒரு காய்ச்சலில் படுக்கும் வரை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக்கப்பட்டு, மகாராஜா படத்தை இறக்குவதா வேண்டாமா என்று கடைக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம். ஓணம் நெருங்கியிருந்தது, பூவுக்கு நல்ல விலை ஏறும் நாட்கள். அம்மை பாயோடு கிடந்தாள். பின்பக்கத்துத் தோட்டத்தை அப்பாவும் நானும் எப்படியோ பறித்து ஒப்பேற்றினோம். முன்முற்றத்து வேலியில் ஓடிய பிச்சியை யாரும் தொடவில்லை. எங்கள் வீடு தெருவில் முதல் வீடு. ரோட்டிலிருந்து உள்ளே வருகிற யாரும் அந்த வேலியை உரசிக்கொண்டுதான் வரவேண்டும்.

காய்ச்சல் விட்ட அன்று சாயங்காலம் அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வேலி முழுக்க விரிந்து நின்றது. ஒன்று விரிய, அதன் பக்கத்தில் இன்னொன்று விரிய, இலையே தெரியாமல், ஏதோ பேச வாயெடுத்த மாதிரி. அம்மை நடக்கத் தெரிந்த நாள் முதல் பூப்பறித்தவள். தன் கையால் வைத்த செடி தன் கண்முன்னே விரிவதை அன்றுதான் பார்த்தாள். நின்றாள். உட்கார்ந்தாள். கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் சொன்னாள், ஏதோ புளி வாங்கச் சொல்வது போலச் சாதாரணமாக:

"இந்த வேலிய இனி நான் பறிக்கமாட்டேன்."

"பின்னே?" என்றார் அப்பா.

"பின்னே என்ன? நிக்கட்டு. பின்னால உள்ளத பறிச்சி விப்போம். இது எனக்கு."

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு வேலி. அதற்குத்தான் இத்தனையும்.

முதலில் கேலியாகத்தான் தொடங்கியது. பக்கத்து வீட்டு அத்தை, ஊரிலேயே பெரிய பிச்சித்தோட்டம் வைத்திருந்த மாமாவின் மனைவி, அம்மைக்கு மைனி, அதாவது அண்ணி முறை, தண்ணீர்க்குடத்தோடு நின்று, "ஏட்டி, யாருக்காக்கும் இந்த அலங்காரம்? காக்காய்க்குக் கலியாணமா?" என்றாள்.

"ஆமா மைனி. ஒங்களுக்கும் சொல்லிவிடுகேன், மொய் எடுத்துட்டு வாங்க."

அத்தை சிரித்தாள். தெருவும் சிரித்தது. பறிக்காத பூ மறுநாள் பழுப்பாகி உதிர்ந்து, தெருமுனையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் செருப்பில் ஒட்டிய பழுப்பைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, "என்ன, இந்தத் தெருவில சரக்கு தேங்கிக் கிடக்குதா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு விலையைக் குறைத்தாராம். மாமா நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார். கோபமாக இல்லை, அதுதான் மோசம், பொறுமையாக வந்தார்.

"தங்கச்சி, தெருவுக்கு மொகம் ஒன் வீடாக்கும். மொகத்தில அழுக்க வச்சிக்கிட்டு உள்ள நல்ல சரக்கு இருக்குண்ணா எவன் நம்புவான்?"

"நான் தெனமும் தூத்து வாருகேன் அண்ணே."

"தூத்தினா தீருமா? விரிஞ்ச பூவில புழு வைக்கும். ஒன் புழு என் தோட்டத்துக்கு வர வழி கேக்காது. பாக்கணும்ணா பின்னால ரெண்டு செடிய விட்டுட்டுப் பாரு. யாரு கேக்கப்போறா?"

"பின்னால மாட்டுக்கொட்டில். அங்க நிண்ணு பாக்க நான் என்ன மாடா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா பிறர் வயலில் பாட்டத்துக்கு உழுகிறவர். வீடும் முற்றமும் அம்மைக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்தவை. அப்பா மண்வெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கிட்ட கேட்டு என்ன? மண்ணு அவளுக்குள்ளது. நான் இங்க குடியிருக்கேன், அவ்வளவுதாம்."

இன்றைக்கும் சிலர் மாமாவுக்குப் பரிந்து பேசுவார்கள். பேசட்டும். புழுவும் உண்மை, விலை குறைந்ததும் உண்மை. ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர்களை உறுத்தியது புழு இல்லை. அந்தத் தெருவில் பூவைச் சும்மா பார்க்கிற வேலை யாருக்கும் இருந்ததில்லை. பெண்ணுக்குக் கண்டிப்பாக இல்லை. சாயங்காலம் ஒரு பெண் முற்றத்தில் உட்கார்ந்து, புளி உரிக்காமல், பேன் பார்க்காமல், வெறுமனே ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஊருக்கே ஏதோ களவு போன மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் வேலி மொட்டையாக நின்றது. ஒரு மொட்டு இல்லை. பறித்தது தேர்ந்த கை; ஒரு தளிர்கூட ஒடிந்திருக்கவில்லை. யாருடைய கை என்று அம்மைக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அழவில்லை, ஏசவில்லை. முறத்தில் அரிசி அளந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு, தெரு விழித்துவிட்ட நேரமாகப் பார்த்து, அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மைனி, எனக்க வேலிய பறிச்சியளே, கூலி வாங்காம போயிட்டியளே. இந்தாங்க."

ஊரில் பாதிப்பேருக்கு, மற்ற நாட்களில் அங்கே பூப்பறிக்கப் போகும் அம்மைக்கும்கூட, கூலி அளக்கிற வீடு அது. அந்த வீட்டுக்காரிக்கு முறத்தில் கூலி. அத்தையின் முகம் எரிந்தது. "ஏட்டி, ஒனக்கு வாய் நீளம்!" என்றாள்.

"வாய் நீளமாட்டு இருக்கட்டு. கை நீளப்பிடாதுல்லா?"

முறத்தை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் வரை அந்த அரிசியைக் கோழிகள் கொத்தின. மறுநாளிலிருந்து மாமா தோட்டத்தில் அம்மைக்குப் பூப்பறிக்கும் வேலை இல்லை. அடுத்த ஊர்த் தோட்டத்துக்கு, நட்சத்திரம் மங்கும் முன் புறப்பட்டு நடந்தாள். களைத்து வந்தாள். சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்தாள். வேலி விரிந்தது. அவள் பார்த்தாள். களைப்பைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் அது அவர்கள் காதுக்குப் போகும் என்று நினைத்திருக்கலாம்.

ஒரு சாயங்காலம் மாமா வெட்டுகத்தியோடு வந்தார். கூடவே அத்தை, பின்னால் தெருவில் வேலை முடிந்த எல்லாரும்.

"தங்கச்சி, ரோட்டுப்பக்கம் நீட்டிட்டு நிக்கதெல்லாம் வெட்டப்போறேன். ஊரு பேசி வச்சாச்சு."

அம்மை எழுந்திருக்கவில்லை. "வெட்டும் அண்ணே," என்றாள்.

அவர் கத்தியை ஓங்கியபோதுதான் வேலியைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ரோட்டுப்பக்கம் நீட்டி நின்ற கொம்பு அத்தனையிலும் பூ. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் விரிந்து, இன்னும் விரிந்துகொண்டு. கத்தி பாதியில் நின்றது.

"மொதல்ல பூவ எடு," என்றார்.

"நான் பறிக்கமாட்டேன்."

"பூவோட எப்பிடி வெட்டுகது?"

"அத நீருதாம் சொல்லணும். வெட்ட வந்தது நீருல்லா?"

மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். "ஏ, நீ வந்து பறி."

"நானா?" அத்தை ஒரு அடி பின்னால் போனாள். "நான் தொடமாட்டேன். தொட்டேண்ணு வையும், இவ நாளைக்கிம் அரிசி அளந்துட்டு வாசல்ல வந்து நிப்பா. ஒருக்கா பட்டது போரும்."

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் அந்த நேரம் பார்த்து ஏதோ ஞாபகம் வந்தது: அடுப்பு, மாடு, பிள்ளை. பறிக்காத செடியில் பூ இல்லாத வேளை கிடையாது. இன்றைய பூ உதிரும் முன் நாளைய மொட்டு நிற்கும். பூ நிற்கும்வரை இரும்பு படாது. அவர்கள் சட்டத்தாலேயே அவர்கள் கையைக் கட்டிப்போட்டு, அம்மை அந்தப் பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மார்கழி வரும்லா," என்றார் மாமா.

"வரும். வராம எங்க போவும்?"

மார்கழி வந்தது. பூப்பது ஓய்ந்தது. மாமா கத்தியோடு வந்த காலையில் வேலியே இல்லை. முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள்தான் நின்றன. முந்தின நாளே அம்மை தன் கையால் கவாத்து வெட்டி, தூரில் சாணமும் சாம்பலும் இட்டு முடித்திருந்தாள். "நல்ல நேரத்தில வந்தீரு அண்ணே," என்றாள். "அந்த மூலையில ஒரு கொம்பு விட்டுப்போச்சு, எனக்குக் கை எட்டல. ஒரு போடு போட்டுத் தாரும்." கையில் கத்தி, சுற்றி ஆட்கள். மனிதர் என்ன செய்வார்? போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மாமா ரோட்டோரத்தில் ஓலைத்தட்டி கட்டி எங்கள் வேலியை மறைத்தார். வியாபாரிகள் கண்ணில் படக்கூடாதாம். பிச்சிக்குப் படர ஒரு இடம் வேண்டும். அதற்கு ஊர்ப்பகை தெரியாது. ஆடி முடிவதற்குள் தட்டிமேல் ஏறி, மறுபக்கம் வழிந்து, முன்னைவிட இரண்டு பங்காக விரிந்தது.

எங்கள் தாலுகா மதராஸ் பக்கம் சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அருமனை. ரப்பர் மரமும் மழையும் உள்ள ஊர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தெருவே எங்கள் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பறிப்பாள். மகள் தலைக்குக்கூடப் பறிக்காத அம்மை இருப்பாளா? விடிந்தது. குளித்து, ஈரத்தலையோடு நின்றேன். அம்மை வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தடுமாற்றத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பறித்திருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

அத்தைதான் வந்தாள். பேச்சு அற்றுப்போன இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இடுப்பில் பெட்டி நிறைய மொட்டோடு, சொந்த வீட்டுக்குள் வருவது போல வந்தாள்.

"இது ஒனக்கும் இல்ல, ஒனக்க அம்மைக்கும் இல்ல, கேட்டியா?" என்று என் தலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "தெருவுக்காக்கும். தோவாளப் பொண்ணு வெறுந்தலையாட்டுப் போனாண்ணு அருமனைக்காரன் சொல்லப்பிடாது."

"கூலி எம்பிடு மைனி?" என்றாள் அம்மை, கதவில் சாய்ந்து நின்றபடி.

"ஏட்டி, போ அங்க! இண்ணைக்குள்ள நாளாட்டு ஒண்ணும் சொல்லாம இருக்கேன்."

அந்த மொட்டுகள் தாலி ஏறும்போது மூடித்தான் இருந்தன. சாயங்காலம் என் தலையில் விரிந்தன. அதே நேரம் வேலியிலும் விரிந்திருக்கும். பந்தலுக்குள்ளிருந்து எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் பகல் பஸ். தெருமுனையில், அந்த வேலிக்குப் பக்கத்தில்தான் நின்று ஏறினேன். கையில் டிரங்குப்பெட்டி, முன்னால் புதுசாக ஒரு மனிதர், அவர் முதுகு மட்டும் கொஞ்சம் பழகியிருந்தது. வேலியில் நேற்றைய பூ பழுப்பாகத் தொங்கியது; இடையிடையே இன்றைய மொட்டு. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "ஏட்டி, போற எடத்தில பிச்சி வச்சேண்ணு வை, நேரத்துக்குப் பறிச்சிரணும். ஒனக்க அம்மையப்போல ஊரு சிரிக்க வச்சிராத."

கண்டக்டர் மணியை அடித்தார். அம்மை அத்தையை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"வரும்போ சாய்ங்கால வண்டிக்கு வா மக்கா," என்றாள். "நான் பறிச்சிருக்க மாட்டேன்."