பூட்டின வீட்டுக்குத் தண்ணி

"நாக்கு வறண்டு செத்தாலும் என்ர தம்பியிட்ட ஒரு சொட்டுத் தண்ணி கேக்கமாட்டன்!"

நாரந்தனை யோகம்மா ஒன்பது வருசத்துக்கு முன் தன் படலையடியில் நின்று ஊருக்கு விடுத்த பிரகடனம் இது. வர்த்தமானியில் அச்சாகவில்லையே தவிர, அடுத்த ஊர் கரம்பொன் வரைக்கும் அன்றே அமுலுக்கு வந்துவிட்டது. காரணம் வேலி. தம்பி பிரதாபன் தொறொன்ரோவில் சோபாவில் சாய்ந்திருந்து, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் கைபேசியில் பெருப்பித்துப் பார்த்து, "அக்கா வேலியை ரெண்டடி தள்ளிப் போட்டிட்டா" என்று கண்டுபிடித்திருந்தான். கதியால் நட்ட நாளிலிருந்து அந்த வேலி ஒரு விரற்கடையும் அசையவில்லை என்பதற்கு யோகம்மாவிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவளுடைய தொண்டை. அதை அவள் தாராளமாகவே பாவித்தாள்.

அதன்பிறகு அடுத்தடுத்திருந்த அக்கா தம்பி வளவு இரண்டுக்கும் பேச்சில்லை. ஒரு வளவில் யோகம்மா இருந்தாள். தம்பியுடையதில் பூட்டு இருந்தது.

தீவில் கிணறுகள் எல்லாம் உப்பு. அதனால் செவ்வாய்க்கிழமை தோறும் பிரதேச சபையின் தண்ணீர்த் தாங்கி லொறி, பவுசர், வரும். சாரதி எமிலியானுஸ் ஒழுங்கை முகப்பில் கோர்ன் அடிப்பார். ஆள் இருக்கிற வீடுகளில் படலை திறக்கும், தொட்டி நிரம்பும், பவுசர் போகும். இந்த ஏற்பாட்டில் இருந்த பெரிய குறை, எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்ததுதான். சபை அதைத் திருத்த முடிவெடுத்தது.

'இலத்திரனியல் தீவகம்' திட்டம் நாதஸ்வரத்தோடு தொடங்கியது. ஒரு தட்டையான திரைக்கருவியை வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் வைத்து, சந்தனப் பொட்டும் இட்டு, எமிலியானுஸ் கையில் கொடுத்தார்கள். இனிப் பவுசர் அந்தத் திரை காட்டுகிற வீட்டுக்குத்தான் போகும். வீட்டுக் காணிக்குச் சபை கொடுத்த ஆதன இலக்கத்தைக் கைபேசியில் பதிய வேண்டும், கிழமைக்கு ஒருக்கால் தண்ணீருக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் சொல்லாத வீடு ஆளில்லாத வீடாகக் கருதப்படும். இதையெல்லாம் விளக்கிப் பேசி வியர்த்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை.

'ஆளில்லாத வீடு' என்ற சொல் கடல் தாண்டிப் போய்த் தொறொன்ரோவிலும் பரிஸிலும் இடியாக விழுந்தது. பேர் விழுந்தால் காணி போச்சு! முப்பது வருசமாக வீட்டை எட்டிப் பாராதவர்களெல்லாம் விழுந்தடித்துப் பதிந்தார்கள். கிழமை தவறாமல் தண்ணீருக்குச் சொன்னார்கள். எமிலியானுஸ் பூட்டின மதில்களுக்கு மேலால் குழாயை எறிந்து, திரை சொன்னபடி நிரப்பினார். வௌவால்களும் உடும்புகளும் இலத்திரனியல் யுகத்துக்குள் பிரவேசித்தன.

யோகம்மாவைச் சுற்றி ஆறு வீடு. ஐந்துக்குப் பூட்டு. கோயிலடிப் பொதுக்குழாயில் ஒரு கான் தண்ணீர் பிடித்து வந்தால் ஒருத்திக்கு ஒரு நாள் ஓடும். ஆனால் மகள் நிலாந்தினி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வயிறு வெட்டித் தலைப்பிள்ளை பெற்றுக் கிடந்தாள். வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள். தலைப்பிள்ளை தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. கோண்டாவிலில் இருக்கிற மகளின் மாமியார் கேதீஸ்வரிக்கோ, பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள, 'தீவில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணி ஏது?' என்று ஒரு சாட்டு மட்டும்தான் தேவைப்பட்டது.

ஆகவே யோகம்மாவும் இலத்திரனியல் யுகத்துக்குப் புறப்பட்டாள். மகளின் பழைய கைபேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் பிடிக்கிற ஒரே இடமான கடற்கரை மதகில் ஏறி நின்று, ஒரு மத்தியானம் முழுக்க விரலால் தேய்த்தாள். கடைசியில் பதில் வந்தது: 'இந்த ஆதனம் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது. நன்றி.'

அந்த நன்றிதான் அவளுக்கு இன்னும் கூடுதலாகக் கோபத்தைக் கிளப்பியது.

அடுத்த நாள் சபைக் கந்தோரில், டிஜிட்டல் உத்தியோகத்தர் ஜெயரூபனுக்கு முன்னால் கதிரையில் இருக்க மறுத்து நின்றாள். பொடியன் பவ்வியமானவன். திரையைத் தட்டிப் பார்த்தான்.

"அம்மா, உங்கட ரெண்டு வீடும் ஒரே இலக்கம். உங்கட ஐயா பேரில இருக்கிற, பிரிக்காத காணி. பிரதாபன் எண்டவர் முதல் பதிஞ்சிட்டார்."

"அவன் இருக்கிறது கனடாவில. நான் இருக்கிறது இங்க. தண்ணி விடாய் ஆருக்கு?"

"விடாய்க்கு இதில கட்டம் இல்லை, அம்மா."

"நான் அந்த வளவில பிறந்தனான்!"

"அதுக்கும் கட்டம் இல்லை. அவர் ஒருக்கா 'சம்மதம்' எண்ட பொத்தானை அமத்தினால் போதும். உடன உங்கட வீட்டையும் சேர்க்கலாம். புதுசாச் சேருற வீட்டுக்குக் கிழமை பாராமல் அடுத்த நாளே பவுசர் வரும்."

"என்ர வீட்டுக்கு என்ர அரசாங்கம் தண்ணி தர அவன் சம்மதிக்கோணுமோ?"

"முறைப்பாடு இருந்தால் ஒன்லைனில போடலாம். உங்கட பதிவுக்குள்ள போய்..."

"பதிவு இல்லை எண்டதுதானே முறைப்பாடு!"

ஜெயரூபன் கொஞ்சம் யோசித்தான். "ஓம். அது ஒரு பிரச்சினைதான்," என்று மனம் நிறைந்து ஒத்துக்கொண்டான். அவன் தலைக்கு மேலே, எவரையும் விட்டுவிடாத சேவைக்காகச் சபை பெற்ற பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மினுங்கியது.

"உம்மட கொம்பியூட்டருக்கு நாக்கிருந்தால் எங்கட கிணத்துத் தண்ணியில ஒரு மிடறு பருக்கி விட்டிருப்பன்," என்று மேசையில் ஒரு அடி போட்டுவிட்டு வந்தாள். விலைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற லொறிக்காரனைக் கேட்டாள். கோயில் திருவிழா முடியும்வரைக்கும் அவனுக்கு ஏலாதாம்.

செவ்வாய்க்கிழமை பவுசர் வந்தது. யோகம்மாவின் படலையைக் கடந்து பிரதாபனின் மதிலடியில் நின்றது. தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து, முற்றத்து நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள் ஓடிற்று.

"அண்ணை! உதில ஆர் குடிக்கினம்? ஓணானோ?"

"என்னோட பாயாதை, தங்கச்சி. திரையில இல்லாத வீட்டில குழாயைத் திறந்தால் இந்தச் சனியன் சத்தம் போட்டுக் கந்தோருக்குச் சொல்லுது." எமிலியானுஸ் சந்தனம் காய்ந்த திரையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் வழியிற தண்ணி ஆருடையதெண்டு இதுக்குத் தெரியாது. வேலிக்கு மேலால ரெண்டு வாளியை நீட்டு. நான் கண்ணை மூடுறன்."

"அவன்ர தண்ணியோ? கொண்டுபோய்க் கடலில ஊத்தும்!"

"ஊத்தலாம். கடல் இன்னும் பதியேல்லை," என்றார் எமிலியானுஸ், குழாயைச் சுருட்டியபடி.

புதன்கிழமை பின்னேரம் யோகம்மா திரும்ப மதகில் நின்றாள். பொத்தானை அமத்தும்படி மகளைக் கொண்டு அவளின் மாமன் பிரதாபனுக்குச் சொல்விக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருக்க, கைபேசி அடித்தது. கேதீஸ்வரி.

"எப்பிடி, சம்பந்தி? பிள்ளையும் தாயும் வர எல்லாம் ஆயத்தமோ? தண்ணி வெண்ணி..."

"தொட்டி நிரம்பி வழியுது," என்றாள் யோகம்மா.

"நல்லது, நல்லது. இல்லையெண்டால் யோசிக்காதையுங்கோ. இங்க வீட்டுக்குள்ளேயே குழாய். நான் தொட்டிலும் கட்டிப்போட்டன்."

தேன் குடித்த குரல். யோகம்மாவுக்குக் கன்னம் சுட்டது. இனி மகளிடம் வாய் திறக்க முடியாது. மகள் அறிந்தால் மாமி அறிவாள், மாமி அறிந்தால் கார் நேரே கோண்டாவிலுக்குத்தான் திரும்பும். சபைக்கு வாய்க்கு வந்த ஒரு வசை, கனடாவுக்கு ஒரு வசை, திரைக்கு இரண்டு. மதகில் இருந்த கொக்கு எழும்பிப் பறந்தது.

கையிலிருந்த நிலாந்தினியின் பழைய கைபேசியில் 'மாமா' என்று ஒரு பெயர் இருந்தது. சண்டைக்குள் மகள் இழுபடவில்லை. யோகம்மா குரல் பதிகிற இடத்தை அமத்தினாள். முதல் தரம் வந்ததெல்லாம் வேலியும் கதியாலும், 'நீ ஒரு மனுசனோ' என்பதும். அழித்தாள். இரண்டாம் தரம் மூச்சு மட்டும் பதிவானது. அதையும் அழித்தாள்.

"தம்பி... நான் அக்கா. சுகமோ? நிலாந்தினிக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. உன்ர மூக்கு. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வாறன்." காற்று இரைந்தது. "தண்ணி இல்லையடா. சபைக்காரர் சம்மதம் கேட்பினமாம். ஒருக்கா அமத்திவிடு."

விரலை எடுத்தாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று, அவள் குரலோடு போவதா நிற்பதா என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. யோகம்மா சத்தமில்லாமல் மதகின் விளிம்புக் கட்டில் ஏறி நின்று, கைபேசியைக் கடல் பக்கமாக இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.