கலைச்செல்வி மேடத்தின் சிவப்புப் புள்ளிகள்

செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. குழைய வடித்த சோற்றை ரசத்தில் கரைத்துப் பாதித் தட்டு முடித்திருந்தேன். வருவாய் ஆய்வாளராக இருக்கும் நண்பர் அழைத்து, கலைச்செல்வி மேடம் விடியற்காலையில் தவறிவிட்டார், மாரடைப்பு என்றார். சாவுச் செய்தி கேட்டால் எச்சில் கையோடு எழுந்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மனைவி கை கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அழுதுகொண்டே மீதிச் சோற்றையும் சாப்பிட்டேன், மாத்திரையைப் போட்டேன், பிறகுதான் வண்டியை எடுத்தேன். சாப்பாட்டு வேளையைத் தவறவிட்டுவிட்டு வந்து நின்றிருந்தால், அந்த நிலையிலும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார் அவர்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள், இல்லாவிட்டால் அவரிடம் சிட்டாவும் அடங்கலும் வாங்க வந்து நின்றவர்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். பெருங்குடலில் தீராத புண் என்பதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆகையால் அது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அதே நோய் எனக்கும் இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் அதே வேலையைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது வருஷம் அதை உங்களிடமிருந்து மறைத்தேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் காபி வரும், பின்னாலேயே பலகாரம் வரும். கை நனைக்காமல் கிளம்பினால் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு விரதம் என்று சொல்லித் தப்பித்தேன். திங்கள், வியாழன், சனி என்று ஆரம்பித்து, கடைசியில் வாரத்தில் விரதமில்லாத நாளே எனக்கு இல்லாமல் போயிற்று. அலுவலகத்தில் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்தீர்கள். ஒரு கோயில் திருப்பணிக் கமிட்டியில்கூட என்னைச் சேர்த்துவிட்டார்கள். மேடம் மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு, "எந்தச் சாமி சார் அது, வடைய மட்டும் விட்டுடச் சொல்றது?" என்று கேட்பார்.

அவருக்கு என் விஷயம் தெரியவந்தது ஒரு ஜமாபந்தியின்போது. வருஷக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அந்த நாட்களில் எல்லாக் கிராமத்து அலுவலர்களும் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வந்துவிடுவோம். மேடத்தின் முறை வந்தது. அவர் வைத்திருந்த கிராம வரைபடத்தை விரித்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வரைபடம் முழுக்கச் சிவப்புப் பென்சில் புள்ளிகள். முப்பதுக்குக் குறையாது. இத்தனை ஆக்கிரமிப்பா, ஒன்றுக்குக்கூட நோட்டீஸ் போகவில்லையே, ஏன் என்று அதட்டினார். எங்கள் வேலையில் வரைபடத்தில் சிவப்பைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேடம் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அவர் பதறவில்லை. "ஆக்கிரமிப்பு இல்ல சார். எனக்குக் குடல்ல நோய். வந்தா அடக்க முடியாது. வயல்ல நிக்கிறப்ப எந்த வீட்டுக்கு ஓடலாம்னு குறிச்சு வச்சிருக்கேன். புள்ளி வச்சதெல்லாம் கக்கூஸ் இருக்குற வீடு, கேட்டா கதவத் திறக்குற வீடு."

இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். அதிகாரி வரைபடத்தின் மேல் விரலை ஓட்டினார். வாய்க்காலுக்குத் தெற்கே ஒரு புள்ளியும் இல்லையே, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம் அளக்கப் போகிற நாளில் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன் என்று மேடம் கிராமக் கணக்கு சொல்வதுபோல் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு வரைபடத்தை அவரே மடித்துக் கொடுத்தார்.

அன்று காலையிலிருந்து நான் மூன்று முறை கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடியிருந்தேன். மேடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மத்தியானம் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"போன் பேசுறவங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓட மாட்டாங்க சார். ரத்தம் போவுதா?"

ஒரு பெண்மணி என்னிடம் அப்படிக் கேட்டதில் எனக்கு உடம்பு கூசிவிட்டது. மூலம், சூட்டு உடம்பு என்று முணுமுணுத்தேன். உண்மையில் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மூலம் பவுத்திரம் என்று சுவருக்குச் சுவர் விளம்பரம் எழுதியிருக்கிற நாட்டில் ரத்தத்தைப் பார்த்தவன் வேறு என்ன நினைப்பான்? இரண்டு வருஷமாகக் கருணைக்கிழங்கு லேகியமும், வெந்தயமும், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியலுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தேன். விரதத்தின் மகிமை என்று ஊர் பேசிக்கொண்டது. மேடம் வாதம் செய்யவில்லை. தஞ்சாவூரில் தனக்கு வைத்தியம் பார்க்கும் குடல் டாக்டரின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் சட்டைப் பையில் செருகினார். மறுவாரம் போனேனா என்று கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அவர் தொல்லை தாங்காமல்தான் போனேன்.

காமிரா விட்டுப் பார்த்த டாக்டர், இது மூலமே இல்லை என்றார். இன்னும் இப்படியே விட்டால் ஒருநாள் பெருங்குடலையே எடுத்துவிட வேண்டி வரலாம், பிறகு வயிற்றில் பை கட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும் என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. வரப்பு வரப்பாக நடக்கிற வேலை என்னுடையது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பேருந்தில் வந்த வழியெல்லாம் எனக்கு வயல் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கும் வீட்டில் மூலம் என்றே சொன்னேன்.

மேடம் எனக்குக் காட்டியது ஒரு நோட்டு. இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் வயிறு சொன்னது. புதிதாக எதைச் சாப்பிட்டாலும் அதில் ஒரு கரண்டிதான். மூன்று நாள் வேறெதையும் மாற்றாமல் பார்ப்பார். நான் அந்த நோட்டை அப்படியே நகலெடுக்கக் கேட்டபோது தரவில்லை. "இது என் வயிறு எழுதுனது. உங்க வயித்தக் கேட்டு நீங்க எழுதுங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவருக்கு அமிர்தமாக இருந்த மோர் எனக்கு ஆகவில்லை. எனக்கு ஒன்றும் செய்யாத முட்டை அவரை இரண்டு நாள் படுக்கவைத்தது. தோல் சீவிய பீர்க்கங்காயும் பூசணிக்காயும் இருவருக்கும் ஒத்துக்கொண்டன. புண் கிளம்பியிருக்கும் நாட்களில் கீரைக்கும் பட்டாணிக்கும் பச்சை மிளகாய்க்கும் இருவர் வீட்டிலும் தடை.

அரிசியில் அவர் காட்டிய பிடிவாதத்தை என்னவென்று சொல்வது! நெல் விளைகிற ஊரில் பிறந்து, வீடு நிறைய மூட்டை இருந்தும், புது அரிசியைத் தொட மாட்டார். ஒரு வருஷம் கிடந்து பழையதாகிய நெல்லை அரைத்துத்தான் உலையில் போடுவார். தைப்பொங்கலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் புத்தரிசிப் பொங்கல் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்புவார். அவர் எந்த வீட்டிலும் விரதம் என்று பொய் சொன்னதில்லை. ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி உட்கார்ந்து குடிப்பார். "உங்க வீட்டுல கை நனைச்சாச்சு, போதுமா?" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று யாராவது சொன்னால், எங்களுக்கு விருந்து ஒருநாளும் கிடையாது, மருந்து மட்டும் எல்லா நாளும் உண்டு என்று சிரிப்பார்.

சந்நியாசி என்று நினைத்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள், மறுநாள் விடுமுறையாகப் பார்த்து, கள்ளிச்சொட்டாக ஒரு காபி குடிப்பார். குடித்துவிட்டு அதன் பலனை மறுநாள் வீட்டில் உட்கார்ந்து அனுபவிப்பார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். காலையில் அரைமணி நேரம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குவார். அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறவர் தாசில்தாரே ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்தக் கோபம் ஒரே ஒரு முறை என் மேல் முழுதாக விழுந்தது. பதினோரு மாதம் நான் நன்றாக இருந்தேன். ரத்தம் இல்லை, எடை ஏறியிருந்தது. எல்லாம் பழைய அரிசியும் பீர்க்கங்காயும் செய்த வேலை என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சம்பா நடவு முடிந்த நேரம். வரப்பில் நின்று அடங்கல் எழுதிக்கொண்டிருந்தவன் அங்கேயே சுருண்டு விழுந்தேன். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தஞ்சாவூரில் ஒன்பது நாள் படுக்கை. அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள்.

மேடம் மூன்றாம் நாள் வந்தார். என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினார். "சோறு சோத்து வேலையப் பாக்கும். மாத்திரை மாத்திரை வேலையப் பாக்கும். ஒண்ண இன்னொண்ணோட நாற்காலில உக்கார வச்சீங்கன்னா ரெண்டும் உங்களக் கைவிட்டுடும்." அதன் பிறகு உட்கார்ந்தார். வீட்டில் என்ன நோயென்று சொல்லியிருக்கிறேன் என்று கேட்டார். இன்னும் மூலம் என்றுதான் என்றேன். "அவங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

மனைவி வந்தாள். மேடம் ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். என் மனைவி அழவில்லை. முதல் இரண்டு வருஷமும் மூலத்துக்கென்று எள்ளும் கொள்ளும் அரைத்து ஊட்டிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மருந்து கேட்டது, குடல் தப்பியது. அன்று முதல் எங்கள் வீட்டு உலையும் பழைய அரிசியும் என் மனைவியின் பொறுப்பாயின. வீட்டுக்கு வெளியே மட்டும் நான் பழையபடி விரதக்காரனாகவே இருந்தேன். அதை மேடத்தால் மாற்ற முடியவில்லை.

வைகாசியில் அவர் போனார். இருபத்தைந்து வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய நோயால் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. கடைசிக் காமிராப் பரிசோதனையில் புண் ஆறியிருந்ததாம். அதை என்னிடம் தொலைபேசியில் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப்போல் சொன்னார்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் சண்முகம் அண்ணன் விவசாயி, அதிகம் பேசாதவர். அவர்தான் இலையில் ஒவ்வொன்றாக வைத்தார். பலாச்சுளை, மிளகாய் பஜ்ஜி, காரக்குழம்பு, வறுத்த கடலை, நெய் வழியும் புத்தரிசிப் பொங்கல், ஒரு டம்ளர் காபி. உறவுக்காரப் பெண் ஒருத்தி இதெல்லாம் அத்தைக்கு ஆகாதே என்று தயங்கினாள். "ஆசைப்பட்டதெல்லாம் வைம்மா. இனிமே அவளுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார் அண்ணன். அங்கே நின்ற நாங்கள் அழுதோம், சிரிக்கவும் செய்தோம்.

பிறகு பந்தி. சண்முகம் அண்ணன் சாம்பார் வாளியோடு என் இலைக்கு வந்தபோது, பக்கத்தில் இருந்த நம் அலுவலக நண்பர், அவர் விரதம், போடாதீர்கள் என்று கையைக் குறுக்கே நீட்டினார். என் மேலுள்ள அக்கறையால்தான் சொன்னார். அந்தப் படையல் இலை எனக்கு நேர் எதிரே இருந்தது.

"விரதம் இல்லீங்க" என்றேன். "மேடத்துக்கு இருந்த நோய்தான் எனக்கும். காரம் ஆகாது. சோத்த நல்லா மசிச்சு, கொஞ்சம் ரசம் மட்டும் ஊத்துங்க."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சண்முகம் அண்ணன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் இலைக்கு முன்னால் குனிந்து, தன் கையாலேயே சோற்றை மசித்தார். நான் நிமிரவில்லை.

கை கழுவுகிற இடத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பெயரை அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இரண்டு வருஷமாக ரத்தம் போகிறது, மூலம் என்று லேகியம் சாப்பிடுகிறேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மேடத்தின் நோட்டும் வரைபடமும் அவர் வீட்டில் இருக்கின்றன. இருக்கட்டும். மறைக்காமல் வாயைத் திறந்து சொல்லும் பழக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், காலம் கடந்துதான். போன செவ்வாய்க்கிழமை அந்த மனிதரைத் தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப்போனேன். பேருந்தில் ஏறியதும் அவர் கூச்சத்தில் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டார். நான் கண்டக்டரிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "எங்க ரெண்டு பேருக்கும் குடல்ல நோய் இருக்கு. கேட்டா வண்டிய நிறுத்தணும்."

இரண்டு இடத்தில் நிறுத்தினார்.