குளிக்காமல் வரச் சொன்ன லீலாவதியக்கா

டெல்லி கிட்வாய் நகரில் எங்களுக்கு மேல்மாடி குவார்ட்டர்ஸில் இருந்தவங்க லீலாவதியக்கா. சொந்த ஊர் சிதம்பரம் பக்கம். மெட்ராஸில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடிச்சுட்டு எழுபத்தொண்ணுல டெல்லி வந்தாங்க. புருஷன் கலியமூர்த்தி ராணுவத்தில் சுபேதார், வருஷத்தில் பத்து மாசம் எல்லையில்தான். அக்கா ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில், பெண்கள் பிரிவு லேப்பில் வேலை பார்த்தாங்க. வாய்க்குப் பூட்டு கிடையாது. காய்கறி விக்கிற சப்ஜிக்காரனுக்கும் அதே பேச்சுதான், பெரிய டாக்டருக்கும் அதே பேச்சுதான்.

நான் அந்த வாயில் மாட்டினது எண்பத்தெட்டு ஜனவரியில்.

எட்டு மாசமா எனக்கு வெள்ளைப்படுதல். நாத்தம், அரிப்பு, உட்கார்ந்தா எரிச்சல். மாமியார் பாப்பம்மாள் சூட்டு உடம்புன்னு சொல்லி வெந்தயமும் மோருமா ஊத்தினாங்க. கரோல் பாக்கில் ஒரு லேப்பில் மூணு தடவை டெஸ்ட் எடுத்தோம். மூணு தடவையும் கிருமி இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. கிருமியும் இல்லை, வியாதியும் போகலைன்னா பொண்ணுகிட்டதான் கோளாறுன்னு மாமியார் முடிவு கட்டிட்டாங்க. பெத்தவங்க வீட்டில் வச்சுப் பார்த்துக்கட்டும்னு விருத்தாசலத்துக்குக் கடுதாசி போயிடுச்சு. பிப்ரவரி கடைசிக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. எடுத்துட்டு வந்ததே வீட்டுக்காரர் பூவராகவன்தான். அப்படி ஊருக்கு அனுப்பின பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்ட கதை எங்க சனத்தில் நான் கேட்டதில்லை.

வெட்கத்தை விட்டு மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்னடி பண்ணினே?"

"குளிச்சுட்டுப் போனேன்க்கா."

"எப்படிக் குளிச்சே?"

வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணியில உள்ள வரைக்கும் நல்லாக் கழுவிட்டுத்தான் போனேன்னு சொன்னேன். லேடி டாக்டர் முன்னாடி அப்படியே போய்ப் படுக்க முடியுமா?

அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "நம்ம ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் இதே லட்சணம்தான். திருடன் வந்தான்னு போலீஸைக் கூப்பிட்டுட்டு, அவங்க வர்றதுக்குள்ள வீட்டைப் பெருக்கித் துடைச்சு வச்சா எப்படி? திங்கக்கிழமை குளிக்காம வா. கழுவவும் கூடாது."

கூனிக்குறுகி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடுங்குளிர். அக்கா உப்புத்தண்ணி பாட்டிலை ஸ்வெட்டருக்குள்ள வச்சுச் சூடாக்கிக்கிட்டு இருந்தாங்க. குளிர் பட்டா அவங்க தேடுற கிருமி அசையாமக் கிடக்குமாம், அசையாட்டி மத்த செல்லோட செல்லாப் போயிடும், கண்டுபிடிக்க முடியாதாம். டாக்டரம்மா எடுத்துக் கொடுத்ததை ஓடிவந்து, அந்த உப்புத்தண்ணி விட்டுக் கண்ணாடித் துண்டில் வச்சு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

"வா, வந்து பாரு."

பேரிக்காய் மாதிரி ஒண்ணு, வாலை ஆட்டிக்கிட்டு உதறி உதறி ஓடுது. அதுக்கு டிரைக்கோமோனாஸ்னு பேர். எனக்கு அழுகையா வந்துச்சு. எட்டு மாசமா நான் பொய் சொல்லலைங்கிறதுக்கு அது ஒண்ணுதானே சாட்சி.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அக்கா அதோட சங்கதியைச் சொன்னாங்க. மேல ஆராய்ச்சிப் பிரிவுக்கு வர்ற ஜர்னலையெல்லாம் டிபன் டப்பாவும் கையுமா உட்கார்ந்து படிக்கிற ஆள் அவங்க. "நீந்துறப்போதான் அது பேரிக்காய். உள்தோலில் இருக்கிற செல்லைத் தொட்டுதுன்னா தோசைமாவு மாதிரி தட்டையாப் பரவி ஒட்டிக்கும். அதோட மேல்பரப்பில் ஒட்டுறதுக்குன்னே சில புரதம் இருக்கு. ஒட்டினதும் நொதியை விடும். அந்த நொதி நம்ம புரதத்தைத் துண்டு துண்டா வெட்டும், செல் செத்து உதிரும். அதான் உன் எரிச்சல். அதை எதிர்க்க நம்ம உடம்பு அனுப்புற புரதத்தையும் அதே நொதி வெட்டிப்புடும், பார்த்துக்க. ரத்தச் சிவப்பணுவை உடைச்சு அதில் இருக்கிற இரும்பையும் தின்னும். தூரம் நின்ன கையோட உனக்கு ஜாஸ்தியாகும், இல்லையா?"

ஆமாம். ஒவ்வொரு மாசமும் அப்படித்தான். மாமியார் அதுக்கும் சூடுன்னுதான் சொல்லுவாங்க.

"மாத்திரைக்கு அடங்கிடும். ஆனா உன் வீட்டுக்காரரும் சாப்பிடணும்." இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கலை.

அன்னிக்குச் சாயங்காலம் அவரை மாடிக்கு வரச் சொன்னாங்க. நானும் பின்னாலேயே போனேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே, நான் எதுக்கு மேடம் சாப்பிடணும்?"ன்னு கேட்டார்.

"ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது சார். உள்ள சத்தம் போடாம உட்கார்ந்திருக்கும். இவளுக்கு மட்டும் கொடுத்தா நீங்க மறுபடி இவளுக்குக் கொடுப்பீங்க. இது காத்துல வராது, சாப்பாட்டுல வராது. படுக்கையிலதான் வரும்."

அப்ப இவளுக்கு யார் கொடுத்தாங்கன்னு அடுத்து கேட்கப்போறார். கடவுள் சத்தியமா உங்களைத் தவிர யாரும் இல்லைன்னு சொல்ல வாயைத் தயாரா வச்சுக்கிட்டு நின்னேன்.

அவர் அதைக் கேட்கலை. தரையைப் பார்த்துக்கிட்டு, "எத்தனை மாத்திரை?"ன்னார்.

"அஞ்சு. எல்லாத்தையும் ஒரே வேளையில முழுங்கணும். மூணு நாளைக்கு பிராந்தி கூடாது." அக்கா தண்ணி மொண்டு கொடுத்தாங்க. அங்கேயே முழுங்கிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

யார் கொடுத்தாங்கங்கிறது, தப்பு பண்ணாத ஆம்பளை முதல்ல கேட்டிருக்கக்கூடிய கேள்வி. எனக்கு இந்த வியாதி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆறு மாசம் கௌஹாத்தியில் ஆபீஸ் டெபுடேஷனில் தனியா இருந்தவர் அவர். எனக்கு அப்பதான் உறைச்சுது. அக்கா மேலயே பாய்ஞ்சேன். "உங்களுக்குத் தெரியும். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தெரியும்டி. பதினேழு வருஷமா இதைத்தானே பார்க்கிறேன். நான் கேட்டா அவர் முறைச்சுக்கிட்டுக் கிளம்பிடுவார், மாத்திரை இந்த மேஜையிலேயே கிடக்கும், நீ ரயில் ஏறுவே. நான் லேப்காரி. எனக்கு அந்தப் பூச்சி சாகணும், அவ்வளவுதான்."

பத்து நாள்ல எனக்குக் குணமாச்சு. டிக்கெட்டை அவரே போய் ரத்து பண்ணிட்டு வந்தார். அக்காகிட்ட ரெண்டு மாசம் நான் முகம் கொடுத்துப் பேசலை. அவங்களும் அதைப் பெரிசா எடுத்துக்கலை, மறுபடி டெஸ்டுக்கு வர்ற தேதியை மட்டும் மாமியார்கிட்டயே சொல்லி அனுப்பினாங்க, குளிக்காம வரணும்னு.

அந்த டெஸ்டில் பூச்சி இல்லைன்னு வந்த அன்னிக்கு, வீட்டுக்கு வந்து, யார் கொடுத்தாங்கங்கிற அந்தக் கேள்வியை நானே அவர்கிட்ட கேட்டேன். அவர் அழுதார். நான் அழலை.